அவையல் கிளவியும் ஆங்கிலக் கொச்சை அகராதியும்: கொல்லயில் எல்லையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

பிரான்சிஸ் குரோஸ் என்னும் ஆங்கிலேயர் 1785 ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் அகராதியை வெளியிட்டார். ‘எ கிளாசிகல் டிக்ஷனரி ஆஃப் த வல்கர் டங்’ என்பது அதன் பெயர். திருடர், இரவலர், படைவீரர், மாலுமியர், சூதாடிகள், பரத்தையர் ஆகியோர் வழங்கிய சொற்களும், கண்ணியவான்கள் எனப்பட்டோர் மதுக்கடையில் மட்டும் வழங்கிய சொற்களும் அதில் அகர வரிசையில் நிற்கின்றன. தலைப்பே ஒரு நகை. செவ்வியல் என்னும் அடைமொழி கொச்சை மொழிக்குச் சூட்டப்பட்டுள்ளது. செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் பாகுபாட்டை அறிந்த நமக்கு இந்நகை எளிதில் விளங்கும். வீரமாமுனிவர் 1728 இல் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்தில் கொடுந்தமிழைக் குறிக்க இதே ‘வல்கர்’ என்பதன் இலத்தீன் மூலத்தையே ஆண்டார். அங்கு அதன் பொருள் மக்கள் பேசுவது என்பதே, இழிந்தது என்பதன்று. அறுபது ஆண்டுகளுக்குள் குரோஸ் கையில் அச்சொல் இரு பொருளையும் ஒருங்கே சுமக்கிறது. மக்கள் பேசுவது எப்போது இழிந்தது ஆகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவை இலண்டனில் வைத்தோ சென்னையில் வைத்தோ ஆராய்வதைவிட, திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கொல்லயில் போன்ற எல்லையூரில் வைத்து ஆராய்தல் பயனுடையது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர நாவில் விழவில்லை. ஒரே ஒலிக்கோவை ஒரு வீட்டில் பாடநூற் சொல்லாகவும் அடுத்த வீட்டில் வாய்கூசும் சொல்லாகவும் வழங்கும் இடம் இது. இழிவு சொல்லில் உள்ளதா, செவியில் உள்ளதா என்பதை ஆராய இதைவிடச் சிறந்த ஆய்வுக்களம் வாய்ப்பதரிது.

குரோஸின் முறை

குரோஸ் ஏட்டறிஞர் அல்லர். சர்ரே வட்டாரக் குடிப்படையில் பணியாற்றியவர். பழைய கோட்டைகளையும் மடாலயங்களையும் வரைந்து விளக்கத்துடன் வெளியிட்டவர். பருத்த உடலும் ஓயாத பேச்சும் உடையவர். இராபர்ட் பர்ன்ஸ் எழுதிய புகழ்பெற்ற ‘டாம் ஓ ஷான்டர்’ என்னும் கவிதை குரோஸின் ஸ்காட்லாந்துத் தொல்பொருள் நூலுக்காகவே இயற்றப்பட்டது என்பதிலிருந்து அவருடைய நட்பின் வீச்சு புலனாகும். டாம் காக்கிங் என்னும் உதவியாளரோடு இரவுகளில் இலண்டன் மதுக்கடைகளிலும் சந்துகளிலும் திரிந்து சொற்களைக் குறித்துக்கொண்டார். இன்று நாம் கள ஆய்வு என்று பெயரிட்டு நல்கை கேட்டு விண்ணப்பிக்கும் வேலையை அவர் குடித்துக்கொண்டே செய்து முடித்தார்.

1788 இல் இரண்டாம் பதிப்பும், அவர் மறைந்து ஐந்தாண்டு கழித்து 1796 இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. 1811 இல் பிறர் சேர்க்கைகளோடு ‘லெக்சிகன் பலட்ரானிகம்’ என்ற பெயரில் அது மீண்டும் வெளிவந்தது.

தம் முன்னுரையில் குரோஸ் ஒரு விதியை வகுக்கிறார். நாணத்துக்கு மாறான சொல் வந்தால் இயன்றவரை நாகரிகமாக விளக்கிக் கடந்ததாகவும், விட்டால் நூல் குறைபடும் என்ற சொற்களையும் தம் நகைத்திறத்தால் குற்றத்துக்கு ஈடுசெய்யும் சொற்களையும் மட்டுமே சேர்த்ததாகவும் கூறுகிறார். இதில் பின்னது கருதற்குரியது. அறிவுநகை இருப்பின் நாணக்கேடு பொறுக்கப்படும் என்பது இலக்கணநூல் எதிலும் காணப்படாத விதி. ஆயினும் நம் தனிப்பாடல் மரபிலும் விறலிவிடு தூதுகளிலும் எழுதப்படாமலே இயங்கிவந்த விதி அது.

குரோஸின் பதிவுகளைப் பொருள்நோக்கிப் பிரித்தால் ஓர் உண்மை தெரிகிறது. உடலுறுப்பையும் கலவியையும் நேரே குறிக்கும் வெளிப்படைச் சொற்கள் அவரிடம் மிகச் சிலவே. அவற்றையும் அவர் உடுக்குறியிட்டு எழுத்தை மறைத்தே அச்சிட்டார். எஞ்சிய பெருந்தொகுதி முழுவதும் மறைமுகச் சொற்கள். பிள்ளை பெறும் முயற்சிக்குக் ‘குழந்தைகளின் காலுறைக்குக் கால் செய்தல்’ என்று பெயர். கலவிக்குக் ‘கூடை முடைதல்’. பெண்ணைப் புல்வெளியில் உருட்டுவது ‘பச்சை அங்கி கொடுத்தல்’. எசமானனுக்குப் பின்னால் நடந்து செல்லும் ஏவலாளனுக்கு, முன்னவர் விடும் வாயுவைப் பிடிப்பவன் என்று பொருள்படும் ‘ஃபார்ட் கேச்சர்’ என்று பெயர். இதில் மட்டும் ஒரு சொல் வெளிப்படை. விதைகளுக்குச் ‘சாதிக்காய்’. ஜின் என்னும் மலிவான மதுவுக்கு ‘என்னை அம்மணமாக்கு’.

இவற்றைத் தமிழிலக்கணக் கண்ணால் நோக்கினால் இவை யாவும் மறைத்து மொழிதலே. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். அவை ஒன்றையடுத்து ஒன்றாக நிற்பது தற்செயல் என்று நாம் கற்பித்துவந்துள்ளோம். குரோஸைப் படித்த பின் அவ்வாறு எண்ண இயலவில்லை. இடக்கரடக்கல் அவையோரின் நாணத்தைக் காக்க மறைக்கிறது. குழூஉக்குறி தன் குழுவின் மந்தணத்தைக் காக்க மறைக்கிறது. கொச்சை நகைச்சொல்லோ இவ்விரண்டின் கருவியையும் எடுத்துக்கொண்டு, மறைப்பது போல் காட்டிச் சுட்டிக்காட்டுகிறது. திரை ஒன்றே, திரைக்குப் பின் இருப்போர் வேறு. குழூஉக்குறிக்கு நம் உரைமரபு தரும் காட்டுகளில் வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர் என்பது ஒன்று. உள்ளே சென்றதும் சொல்லை வெளியே தள்ளுவது கள். ஆங்கிலக் குடிகாரன் ஆடையை அடகுவைத்து ஜின் வாங்கினான். தமிழ் வேடன் மந்தணத்தை அடகுவைத்தான். இரு சொற்களையும் ஒரு தட்டில் வைத்தால் சொல்விளம்பியே கனமானது என்பது என் கருத்து.

எல்லைப்புறச் செவி

தொல்காப்பியர் எச்சவியலில் இத்தகு சொல்லை ‘அவையல் கிளவி’ என்கிறார். ‘இழிசொல்’ என்றோ ‘தீச்சொல்’ என்றோ அவர் கூறவில்லை; அவைக்கு ஆகாத சொல் என்கிறார். இழிவைச் சொல்லின் இயல்பாக வையாமல் சொல்லுக்கும் கேட்கும் கூட்டத்துக்கும் இடையிலுள்ள உறவாக வைத்த இக்கலைச்சொல், பிற்காலத்து ‘ஆபாசம்’ முதலிய சொற்களைவிட நுட்பமானது. அடுத்த நூற்பாவில், நெடுங்காலம் வழங்கி மருவிவிட்ட சொல்லை மறைக்க வேண்டா என்று விதிவிலக்கும் தருகிறார். ஆட்டுப்பிழுக்கை, யானையிலண்டம் என்பனவற்றை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டுவர். ஆட்டின் கழிவு அவையில் அமரலாம். மனிதன் கழிவு அமரலாகாது.

அவை மாறினால் கிளவியின் தகுதி மாறும் என்பதற்குக் கொல்லயில் வட்டாரம் தரும் சான்றுகள் சிலவற்றைக் காண்போம்.

‘வளி’ என்பது ஐம்பூதங்களுள் ஒன்றைக் குறிக்கும் சங்கச் சொல். அதைக் கொண்டே தமிழ்ப் பாடநூலார் ‘வளிமண்டலம்’ என்னும் கலைச்சொல்லை ஆக்கினர். மலையாளத்தில் ‘வளி’ என்பது கீழ்க்காற்று ஒன்றையே குறிக்கும். எனவே தமிழ்வழி பயின்ற சிறுவன் புவியைச் சுற்றி ஐம்பது கல் உயரத்துக்கு வளிமண்டலம் சூழ்ந்துள்ளது என்று ஒப்பித்தால், அடுத்த வகுப்பு மலையாளச் சிறுவன் மூக்கைப் பொத்துவான். ‘தூறு’ என்னும் வினை தமிழில் சிறுமழைக்கு உரியது. மலையாளத்தில் வயிற்றுப்போக்குக்கு உரியது. ‘வானம் தூறுகிறது’ என்ற தொடரை எல்லைக்கு அப்பால் சொல்லிப்பார்க்க வேண்டியதில்லை.

மிகவும் கடுமையானது ‘பண்ணு’ என்னும் வினை. தமிழில் இதைவிடப் பொதுவான வினை அரிது. கல்யாணம் பண்ணுவோம், பூசை பண்ணுவோம், தொலைபேசியில் ‘போன் பண்ணுவோம்’. மலையாளத்தில் இதே வினை கலவியைக் குறிக்கும் கொச்சையாகச் சுருங்கிவிட்டது. பெரியோரிடம் ‘என்ன பண்ணுகிறீர்கள்’ என்று கேட்பது ஒரு கரையில் நலம் உசாவல். மறு கரையில் அடிதடிக்கு அழைப்பு. எல்லைப்புறத் தமிழர் மலையாளிகளோடு பேசுங்கால் ‘பண்ணு’ என்பதை விலக்கிச் ‘செய்’ என்பதையே ஆள்வதை இவ்வட்டாரத்தில் பழகியோர் அறிவர். இதைக் கடன் வாங்கல் என்றோ மலையாளச் செல்வாக்கு என்றோ வகைப்படுத்துவது போதாது. சொல்லை விட்டவன் மொழியைக் கருதி விடவில்லை. அவையைக் கருதி விட்டான். சிறுபான்மை மொழியில் சொற்கள் மறைவதற்கு ஏளனமும் ஒரு காரணம் என்பதை மொழிப் பெயர்வு பற்றிய நம் ஆய்வுகள் இன்னும் ஆழமாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் ‘அண்டி’ நிற்கிறது. கொட்டை, வித்து என்பது இதன் பொருள். முந்திரிக் கொட்டையைப் ‘பறங்கியண்டி’ என்றும், அதை உடைத்துப் பதப்படுத்தும் ஆலையை ‘அண்டியாப்பீஸ்’ என்றும் தென்கேரளத்தில் வழங்குவர். அதே சொல் ஆண் உறுப்புக்கும் கொச்சையாக வழங்கும். ஆயினும் ‘அண்டியாப்பீஸ்’ என்று சொல்லுகையில் யாரும் நாணுவதில்லை. அங்குப் பணிபுரிவோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் அன்றாடப் பிழைப்பின் பெயர் அது. மருவிய சொல்லை மறைக்க வேண்டா என்ற தொல்காப்பிய விதிவிலக்கு இங்கு உயிரோடு இயங்குகிறது. குரோஸின் சாதிக்காய் நகைக்காகப் படைக்கப்பட்டது; அண்டியோ கூலிக்காக வாய்க்குப் பழகியது. உருவகம் ஒன்றாயினும் இரண்டும் ஒரே வகைச் சொற்கள் அல்ல.

‘பறங்கி’ என்னும் அடைமொழியும் குரோஸோடு ஒப்பிடத்தக்கது. கிரந்திப் புண்ணை ஆங்கிலேயர் பிரெஞ்சு நோய் என்றனர். அந்நோய் பற்றியவனைக் குறிக்க ‘பிரெஞ்சாக்கப்பட்டவன்’ என்னும் பொருள்படும் சொல்லைக் குரோஸ் பதிந்துள்ளார். பிரெஞ்சுக்காரர் அதையே நேப்பிள்ஸ் நோய் என்றனர். 16 ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூல் அதைப் பிரங்க நோய் என்றது. தமிழிலும் மலையாளத்திலும் பறங்கிப்புண். அதற்கு மருந்தான வேர் பறங்கிப்பட்டை. போர்த்துகீசியர் கொணர்ந்த முந்திரியும் நோயும் ஒரே அடைமொழியைப் பெற்றன. நோய்க்கு மருந்தும் அதே பெயரில் அமைந்தது. வெட்கத்தை அயலான் தலையில் ஏற்றுவது எல்லா மொழிக்கும் பொது. ஏற்றிய பின் அச்சொல் அவையில் அமர்ந்துவிடுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. ‘பறங்கிப்புண்’ எந்தச் சித்த மருத்துவ நூலிலும் கூச்சமின்றி நிற்கும்.

மொழிபெயர்க்கும்போது

குரோஸைத் தமிழாக்க முனைவோர் இரண்டில் ஒரு பிழையைச் செய்ய வாய்ப்புண்டு. ஒன்று, எல்லாவற்றையும் இடக்கரடக்கலாக்கி ‘அபான வாயு’, ‘மர்ம உறுப்பு’, ‘உடலுறவு’ என்று மருத்துவமனை மொழியில் எழுதுவது. மற்றொன்று, துணிவைக் காட்டும் பொருட்டுத் தெருவில் வழங்கும் வெளிப்படைச் சொல்லைப் பெய்வது. முன்னதை எல்லோரும் கண்டிப்பர். பின்னதை இன்று பலர் நேர்மை என்று பாராட்டுவர். இரண்டும் மூலத்துக்கு ஒரே அளவு இரண்டகம் செய்கின்றன. குரோஸின் சொல் திரையிட்டுச் சிரிக்கும் சொல். ஒன்று சிரிப்பை எடுத்துவிடுகிறது, மற்றது திரையை எடுத்துவிடுகிறது. வேண்டுவது தமிழிலேயே நகைக்கும் திரை.

எசமானன் பின்னால் நடக்கும் ஏவலாளனை எடுத்துக்கொள்வோம். ‘குசுப்பிடிப்பவன்’ என்றால் பொருள் வந்துவிடும், நயம் வராது. மாலையில் உலாவச் செல்வதைத் தமிழில் ‘காற்று வாங்குதல்’ என்கிறோம். எசமானர் காற்று வாங்குகிறார். ஏவலாள் எசமானரின் காற்றை வாங்குகிறான். ஆகவே ‘காற்றுவாங்கி’ என்று அவனைப் பெயரிடலாம். மூலத்திலுள்ள வெளிப்படைச் சொல் மறைகிறது என்பது உண்மை. ஆனால் இருவரின் படிநிலையும் அதன்மீது வீசப்படும் நகையும் அப்படியே நிற்கின்றன. இதையே கொல்லயில் வாசகருக்கு ‘வளிவாங்கி’ என்றால் மூலத்தின் வெளிப்படையும் சேர்ந்துவிடும். ஒரே மொழிக்குள் இரு அவைகளுக்கு இரு மொழிபெயர்ப்பு.

காலுறைக்குக் கால் செய்தல் என்பதை நேரே பெயர்த்தால் தமிழ்ச் செவிக்கு அது குளிர்நாட்டுச் செய்தியாகவே படும். நம் குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலேயே கட்டப்படுவது அரைஞாண். ‘அரைஞாணுக்கு அரை தேடுதல்’ எனின் மூலத்தின் அமைப்பு முழுவதும் வந்துவிடுகிறது: அணியப்படுவது முன்னே காத்திருக்கிறது, அணியும் உடல் இன்னும் உண்டாகவில்லை. ‘அரை பண்ணுதல்’ என்று வைத்தால் எல்லைக்கு அப்பால் அது வேறு காரணத்துக்காகவும் சிரிக்கப்படும். மொழிபெயர்ப்பாளருக்கு அவ்வப்போது கிடைக்கும் இலவசம் அது. ‘பச்சை அங்கி கொடுத்தல்’ என்பதற்கோ இத்தகைய உழைப்பு வேண்டா. ‘பச்சைப் பாவாடை கட்டிவிடுதல்’ என்றால் புல்லின் கறை எந்த நாட்டிலும் பச்சைதான்.

உழைத்தும் தீராதவை சில உள. கோவென்ட் கார்டன் என்பது இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் தோட்டம் இருந்த இடம். கான்வென்ட் என்பதே மருவிக் கோவென்ட் ஆயிற்று. 18 ஆம் நூற்றாண்டில் அங்குப் பரத்தையர் விடுதிகள் மலிந்தன. ஊர்ப்பெயரே நகைக்கு வித்தாக, பரத்தை ‘கோவென்ட் கார்டன் கன்னியாஸ்திரீ’ ஆனாள். விடுதித் தலைவி ‘மடத்துத் தாய்’ ஆனாள். அவ்வழி வரும் நோய் ‘கோவென்ட் கார்டன் குளிர்காய்ச்சல்’ ஆயிற்று. ஊர்ப்பெயரை வைத்து இவ்வாறு விளையாடுவது நமக்குப் புதிதன்று. கொல்லயில் என்னும் பெயரின் தோற்றம் எதுவாயினும், ‘கொல்லைக்குப் போதல்’ என்பதை மலங்கழித்தலுக்கு இடக்கரடக்கலாக வழங்கும் தஞ்சைத் தமிழர் அவ்வூர்ப் பலகையை முறுவலின்றிப் படிக்கமாட்டார். அவ்வூரார்க்கு அதில் நகைக்க ஒன்றுமில்லை.

சிக்கல் ஊர்ப்பெயரில் இல்லை, கன்னியாஸ்திரீயில் உள்ளது. எட்டாம் ஹென்றி 1530களில் இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்தான். குரோஸின் காலத்து இலண்டன்வாசிக்குக் கன்னியாஸ்திரீ இரண்டரை நூற்றாண்டாகக் கண்ணில் படாத உருவம். எள்ளுவதற்கு உரிமையாளர் இல்லாத சொல். நெய்யாற்றின்கரையிலோ 1996 முதல் தனி இலத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் உண்டு. கன்னியர் பள்ளியிலும் மருத்துவமனையிலும் நாள்தோறும் எதிர்ப்படுவோர். அதே சொல்லை அங்கு அச்சிட்டால் நகை மறைந்து அவதூறு மட்டும் எஞ்சும். விறலிவிடு தூதுகளில் வரும் ‘தாய்க்கிழவி’ என்னும் பாத்திரத்தை மடத்துத் தாய்க்கு ஈடாக வைக்கலாம். தொழில் பொருந்தும், ‘தாய்’ என்னும் முரணும் பொருந்தும், ஆயினும் சமய எள்ளல் போய்விடும். போகட்டும் என்பது என் துணிபு. குரோஸின் அவையில் இல்லாதவர்களை நம் அவையில் இருத்திவைத்துக்கொண்டு மூலத்துக்கு நேர்மை என்று பேசுவது எளிது. மாறாக, பெண் மேலிருக்கும் கலவிமுறைக்குக் குரோஸ் தரும் ‘புனித ஜார்ஜியார்மீது பறவைநாகம்’ என்ற பெயரும், அவ்வழி ஆயர் பிறப்பார் என்ற அவர் குறிப்பும் எல்லைப்புறக் கிறித்தவ வாசகரையும் சிரிக்கவைக்கும் என்றே நினைக்கிறேன். அங்கு இகழப்படுவோர் எவருமில்லை. குதிரையேறிய புனிதர் கீழே விழுந்துவிட்டார் என்பதே செய்தி.

குரோஸின் நகைக்கு ஓர் எல்லையும் உண்டு. ‘கமாடிட்டி’ என்னும் வாணிகச் சொல்லைப் பெண்ணுறுப்புக்கு உரியதாகப் பதிந்து, குலமகளுக்கு அது மறைவானது என்றும் பரத்தைக்குப் பொதுவானது என்றும் பொருள்பட விளக்குகிறார். அகராதியின் மிகப் புகழ்பெற்ற பதிவு இதுவே. தமிழில் பெயர்க்க மிக எளிதானதும் இதுவே. அதுவே நம்மைக் கவலைகொள்ளச் செய்ய வேண்டும். ‘சரக்கு’ என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் இளைஞர் வாயில் பெண்ணைக் குறிக்க ஆயத்தமாக உள்ளது. ‘பொதுமகள்’ என்ற வழக்கும் உண்டு. எனவே மறைவு, பொது என்ற எதிர்நிலையும் தடையின்றி வந்துவிடும். அண்மைக் காலத்து ‘ஐட்டம்’ என்பது ஆங்கிலத்திலிருந்தே வந்து அதே பணியைச் செய்கிறது. திருவள்ளுவர் ‘பொருட்பெண்டிர்’ என்றபோது பெண் பொருளைக் கொள்பவள். சரக்கு என்னும்போது பெண்ணே பொருள். குரோஸ் செவிமடுத்த அவை ஆடவர் அவை. பெண்கள் தமக்குள் ஆடவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தவை அவர் குறிப்பேட்டுக்கு எட்டவில்லை. நம் சம்பந்தி ஏசற்பாட்டையும் வயல்வெளிப் பேச்சையும் அறிந்தோர்க்கு அவ்விடைவெளியின் அளவு தெரியும். கி. ராஜநாராயணன் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்ற தலைப்பில் நாட்டுப்புறப் பாலியல் கதைகளைத் திரட்டியதன் மதிப்பு, குரோஸ் கேளாத சில குரல்களையும் அது கேட்கவைத்ததில்தான் உள்ளது.

அகராதியும் வழக்குமன்றமும்

சாமுவேல் ஜான்சன் 1755 இல் தம் பேரகராதியை வெளியிட்டபோது, தகாத சொற்களை விலக்கியமைக்காகச் சீமாட்டியர் இருவர் பாராட்டினர் என்றும், ‘அவற்றைத் தேடிப் பார்த்தீர்களோ’ என்று அவர் வினவினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. குரோஸ் உடுக்குறியிட்டேனும் 1785 இல் பதிந்த பெண்ணுறுப்புச் சொல், ஆக்ஸ்போர்டு அகராதியில் 1972 ஆம் ஆண்டுத் துணைத்தொகுதியில்தான் இடம்பெற்றது. இடைவெளி 187 ஆண்டுகள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) வேறொரு திரையைக் கையாண்டது. உறுப்புச் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் தரவேண்டிய இடத்தில் இலத்தீனைப் பெய்தது. தமிழறிந்தவன் தமிழ் விளக்கத்தில் அறிந்துகொள்வான். ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் இலத்தீன் கற்றிருந்தால் நாணத் தகுதிபெறுவான். அதன் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகள் வழக்குரைஞராக இருந்தவர். தெற்கத்தி வழக்குகளை நேரே கேட்டறிந்தவர். அவ்வறிவின் பயன் வட்டாரச் சொற்பதிவுகளில் தெரிகிறது. அவையல் கிளவிகளில் அது தெரியாமற் போனதற்கு அவரைக் குறைகூறுவதற்கில்லை. பல்கலைக்கழக அவை அவரது அவை.

1992 இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ‘தகுதியற்ற வழக்கு’ என்ற குறிப்பை வைத்தது. துணிந்த முன்னேற்றம் அது. எனினும் குறிப்பு ஒன்றே என்பதால், யாரை நோக்கி, எந்தக் கூட்டத்தில் தகுதியற்றது என்ற வேறுபாடு அதனுள் அடங்கிவிடுகிறது. ‘மயிர்’ திருக்குறளில் மானத்தைப் பற்றிய அதிகாரத்திலேயே வருகிறது. இன்று தமிழ்ப் பேச்சில் வசை. மலையாளப் பேச்சில் அதனினும் கடிய வசை. ஒரே சொல்லின் இம்மூன்று நிலைகளை ஒரு முத்திரை காட்டாது. இவ்வகையில் வட்டார அகராதிகளே முன்செல்கின்றன. 1982 இல் கி. ராஜநாராயணன் தந்த கரிசல் வட்டார அகராதியும், 2000 இல் பெருமாள்முருகன் தந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் சொல்லை வழங்கும் மாந்தரோடு சேர்த்துக் காட்டின.

ஆங்கிலேயர் இந்தியாவில் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ (1886) இதில் ஒரு வேடிக்கையான சான்று. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல்லும், யூலும் சேர்ந்து உருவாக்கிய அந்நூலில் உடன்பிறந்தாளையும் மகளையும் இழுத்து வையும் இரு இந்துஸ்தானி வசைகள் பதிவாகியுள்ளன. அவற்றின் பொருள் பெரும்பாலோர்க்கு விளங்காது என்பதாலேயே அச்சிடத் துணிவதாகவும், அவற்றை வாயில் வைத்திருக்கும் ஆங்கிலேயர் பொருளறிந்தால் அக்கொடுமைக்குக் கூசுவர் என்றும் தொகுப்பாளர் கூறுகின்றனர். பொருளை அறிந்தவன் ஏவலாள். அறியாமல் வைதவன் துரை. அவையில் ஒருவர்க்கு மட்டும் காது இருந்தது.

இவை வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதற்கு வழக்குமன்றமே சான்று. பொதுவிடத்தில் பிறர்க்குத் தொல்லை உண்டாக ஆபாசச் சொல் பேசுவதைத் தண்டித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294 ஆம் பிரிவு, 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296 ஆம் பிரிவாக உள்ளது. பொதுவிடம் என்று சட்டம் கூறுவது தொல்காப்பியரின் அவையே. ஆனால் காவல்நிலையத்தில் பதியப்படுவது பெரும்பாலும் ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்னும் இடக்கரடக்கல். தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் 2022 இல் உச்ச நீதிமன்றம், வெறும் வசை ஆபாசமாகாது என்று கூறியதோடு, பேசப்பட்டதாகச் சொல்லப்பட்ட சொற்கள் எந்த ஆவணத்திலும் காணப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. எழுதியவரின் நாணம் வழக்கின் சான்றை உண்டுவிட்டது. எல்லைப்புறத்தில் தமிழில் சொன்னதை மலையாளத்தில் எழுதும் இடத்தில் இடர் இருமடங்கு: குற்றமற்ற ‘பண்ணு’ குற்றமாக எழுதப்படலாம், குற்றமான சொல் ‘தகாத வார்த்தை’ என்று கரைந்துபோகலாம்.

ஆகவே எல்லைப்புறச் சொற்களுக்கென அகராதி ஒன்று தொகுக்கப்படுமாயின், ‘பண்ணு’ என்ற தலைச்சொல்லின் கீழ் நான்கு செய்திகள் இடம்பெற வேண்டும் என்பேன். தமிழ் வீட்டில் எவ்வயதினரும் எவர் முன்னும் சொல்வது. மலையாள வீட்டில் ஆடவர் தம் ஒத்த வயதினரோடு மட்டும் சொல்வது. இருமொழியாளர் கூடிய கடைத்தெருவில் தமிழர் ‘செய்’ என்று மாற்றிக்கொள்வது. பள்ளியில் சிறுவர் வேண்டுமென்றே இரு பொருளும் பட மொழிந்து ஆசிரியரைச் சோதிப்பது. முதல் மூன்றும் வழக்கு, நான்காவது நகை. குரோஸ் இருந்திருந்தால் நான்காவதையே முதலில் எழுதியிருப்பார்.